போர்டில் ‘டாக்டர்’ என்று இருந்தால் போதுமா?

கேள்வி: என் வீட்டுக்காரர் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். வின்ச் ரோப்பு சுண்டி வலது தோள் போய்விட்டது. மதுரையில் ஆபரேஷன் செய்து, அறுந்த தசைநாரைத் தைத்துவிட்டார்கள். ஆறு வாரம் கட்டு, அதுவரை அவராகக் கையைத் தூக்கக் கூடாது என்றார்கள். தடைக்காலம் முடிவதற்குள் கை சரியாகிவிட வேண்டுமே என்ற அவசரத்தில், மூன்றாவது வாரமே பக்கத்து ஊர் பிசியோதெரபி சென்டருக்குப் போனோம். ஒரு தடவைக்கு 300 ரூபாய், இருபது தடவைக்கு 6,000 முன்பணம். எட்டாவது நாள் அந்த சென்டர்க்காரர் இவர் கையைப் பிடித்துத் தலைக்கு மேலே தூக்க, ‘டப்’பென்று சத்தம் கேட்டது. அன்றிலிருந்து ராத்திரி தூக்கமில்லை. நீங்கள் என்ன படித்தீர்கள் என்று கேட்டால் கத்துகிறார். போர்டில் ‘டாக்டர்’ என்று போட்டிருக்கிறது. அமெரிக்காவில் இருக்கும் என் நாத்தனார் மகன், அங்கே லைசென்ஸ் நம்பரை நெட்டிலேயே பார்க்கலாம் என்கிறான். இங்கே யாரிடம் போய்க் கேட்பது?
- பெயர் வேண்டாம், தங்கச்சிமடம்

பதில்: சகோதரி, புகாரெல்லாம் நாலு நாள் பொறுக்கும், கை பொறுக்காது. தைத்த நார் மறுபடி அறுந்திருந்தால் நாளாக ஆக அது சுருங்கி உள்ளே போய்விடும், திரும்ப இழுத்துத் தைப்பது கஷ்டமாகிவிடும். அதனால் இந்தப் பதிலைப் படித்து முடித்ததும் ஆபரேஷன் செய்த டாக்டருக்குப் போன் போடுங்கள். மதுரைக்கு உடனே போக முடியாவிட்டால் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்புப் பிரிவில் காட்டி ஸ்கேன் எடுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியை மறக்காமல் எடுத்துப்போங்கள். ‘டப்’ கேட்ட தேதியையும், அதற்கு முன்னும் பின்னும் கை எவ்வளவு தூக்க முடிந்தது என்பதையும் சொல்லி, ஓ.பி. சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். வாயால் சொல்கிற டாக்டர்கள் நிறைய, எழுதித் தருகிறவர்கள் கொஞ்சம். எழுதாவிட்டாலும் ஸ்கேன் ரிப்போர்ட் கையில் இருக்கும்.

நாத்தனார் மகன் சொன்னது சரிதான். அங்கே பிசியோதெரபிஸ்டுக்கு உரிமம் தருவது அந்தந்த மாநில வாரியம். தேர்வு நாடு முழுவதும் ஒன்றுதான், ஆனால் உரிமத்தைக் கொடுப்பதும் பறிப்பதும் மாநிலத்தின் கையில். கலிபோர்னியா மாதிரி மாநிலத்தில் பெயரைத் தட்டினால் உரிமம் நடப்பில் இருக்கிறதா, அவர் மேல் ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா என்பதெல்லாம் திரையில் வந்துவிடும்.

நம் ஊர்க் கதை வேறு. டாக்டருக்கு, நர்சுக்கு, பல் டாக்டருக்கு, மருந்துக்கடைக்காரருக்கு என்று எல்லாருக்கும் கவுன்சில் இருந்தபோதும் பிசியோதெரபிக்கு நாடு முழுவதற்குமான சட்டம் 2021 வரை கிடையாது. டெல்லி 1997-லும் மகாராஷ்டிரா 2002-லும் தனியாகச் சட்டம் போட்டுக்கொண்டன. துணைநிலை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் 2021 மே 25-இல்தான் அமலுக்கு வந்தது. அதிலுள்ள பத்துப் பிரிவுகளில் பிசியோதெரபியும் ஒன்று. ஒவ்வொரு மாநிலமும் ஒரு கவுன்சில் வைத்து, தகுதியுள்ளவர்களின் பதிவேட்டை வைத்திருக்க வேண்டும். பதிவேட்டில் பெயர் இல்லாதவர் பதிவு பெற்றவர் என்று பொய்யாகக் காட்டிக்கொண்டால் முதல் தடவை 50,000 ரூபாய் வரை அபராதம். பதிவு பெற்றவரே தப்பு செய்தால் அவர் தரப்பையும் கேட்டு விசாரித்துப் பெயரை நீக்கலாம். காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சட்டம் வந்து மூன்று வருடம் கழித்து, 2024 ஆகஸ்டில், கவுன்சில்களை இரண்டு மாதத்துக்குள் அமையுங்கள் என்று மாநிலங்களுக்கு உச்ச நீதிமன்றம் உத்தரவு போட வேண்டியிருந்தது என்றால் வேகத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த போர்டுக்கு வருவோம். ‘டாக்டர்’ என்று போட்டதை வைத்து மட்டும் அவரைப் போலி என்று சொல்லிவிட முடியாது. பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’, பின்னால் ‘பி.டி.’ என்று போட்டுக்கொள்ளலாம் என 2025-இல் பிசியோதெரபி படிப்புக்கு வந்த புதிய பாடத்திட்டமே சொன்னது. அதே வருடம் செப்டம்பரில், போடக் கூடாது என்று மத்திய சுகாதாரத் துறையிலிருந்து ஒரு கடிதம் போய், மறுநாளே திரும்பப் பெறப்பட்டது. அதனால் அந்தச் சொல்லை விடுங்கள். கேட்க வேண்டியது பட்டத்தையும் பதிவு எண்ணையும்தான். நாலு வருடம் படித்து ஆறு மாதம் இன்டர்ன்ஷிப் முடித்தால்தான் பி.பி.டி., அதாவது பிசியோதெரபி பட்டம். புதிய பாடத்திட்டத்தில் அது அஞ்சு வருடம். தமிழ்நாட்டுக் கல்லூரி என்றால் பெரும்பாலும் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பெயர் சான்றிதழில் இருக்கும். ஆறு மாச டிப்ளமோ, மசாஜ் கோர்ஸ், வர்மப் பயிற்சி இதெல்லாம் பி.பி.டி. ஆகாது. சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும் சங்க உறுப்பினர் சான்றிதழைக் கண்டு ஏமாறாதீர்கள். சங்கம் என்பது தொழில் செய்கிறவர்கள் கூடி வைத்துக்கொண்டது, உரிமம் தருகிற இடமில்லை. படகு வைத்திருப்பவர் மீனவர் சங்கத்தில் சந்தா கட்டிவிட்டால் படகுக்குப் பதிவு எண் வந்துவிடுமா, சொல்லுங்கள்!

என் அம்மாவுக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பக்கவாதம் வந்து இடது பக்கம் உணர்ச்சி மங்கியிருந்த நேரம். ஊர் பெயர் வேண்டாம், ஒரு சென்டரில் தோளுக்கு வெந்நீர்ப் பை வைத்துவிட்டு அந்தப் பையன் போன் பேச வெளியே போய்விட்டான். அம்மாவுக்குச் சுடவே இல்லை. அதுதான் சிக்கலே. பையை எடுத்தபோது தோல் உரிந்து அதோடு வந்தது. பின்னால் வேறொரு பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வந்தார். ஒரு குழாயில் வெந்நீர், ஒரு குழாயில் குளிர்ந்த தண்ணீர், கண்ணை மூடச் சொல்லி மாற்றி மாற்றித் தொட்டு, “அம்மா, இது சூடா, குளிரா?” என்று கேட்டார். நாலு தடவையில் மூன்று தடவை அம்மா தப்பாகச் சொன்னார்கள். “இந்தக் கைக்குச் சூடே வேண்டாம்” என்று எழுதிவிட்டுப் போனார். படித்தவர் யார், படிக்காதவர் யார் என்று அன்றைக்குத்தான் எனக்குப் பிடிபட்டது. படித்தவர் முதலில் ஆபரேஷன் காகிதத்தைக் கேட்பார், மூட்டு எத்தனை டிகிரி மடங்குகிறது என்று அளப்பார், எழுதி வைப்பார், வீட்டில் செய்யவும் பயிற்சி சொல்லித் தருவார். வந்த உடனே ‘கரன்ட் வை, லைட் வை’ என்று படுக்கப் போடுகிறவரிடமும், ஊசி மாத்திரை கொடுக்கிறவரிடமும் தள்ளியே இருங்கள்.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். பிசியோதெரபியில் வலிப்பது குற்றமில்லை. இறுகிப்போன தோளைத் தளர்த்தும்போது நல்ல தெரபிஸ்ட் கையிலும் கண்ணில் தண்ணீர் வரும். உங்கள் விஷயம் அந்த ரகமில்லை. ஆறு வாரம் பொறுக்கச் சொல்லி டாக்டர் எழுதியிருக்க, நாலு வாரம்கூட முடிவதற்குள், அதுவும் அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்க்காமலே தூக்கியிருந்தால் அவர் பதில் சொல்லியாக வேண்டும். காகிதத்தை அவரிடம் காட்டினீர்களா என்று கடிதத்தில் இல்லை. காட்டியிருந்தால் மனுவில் அதை முதல் வரியாக எழுதுங்கள்.

சரி, எங்கே போவது? சென்டரைப் பற்றிய புகார் ராமநாதபுரத்தில் மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநருக்கு, நம் பேச்சில் ஜே.டி. ஆபீசுக்கு. தனியார் சிகிச்சை மையங்கள் 1997-ஆம் வருடத் தமிழ்நாட்டுச் சட்டப்படி பதிவு பெற வேண்டும், அதைப் பார்ப்பது அந்த அலுவலகம். ஆளைப் பற்றிய புகார், அதாவது படிப்பும் பதிவும் நடத்தையும், மாநில கவுன்சிலுக்கு. இரண்டுக்கும் ஒரே மனுவை எழுதி, ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். இன்னொரு நகலைத் திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்து மனு எண் வாங்கிவிடுங்கள். மனுவில் திட்டு வேண்டாம். ‘இந்தத் தேதியில் ஆபரேஷன், இந்தத் தேதியில் சென்டரில் சேர்ந்தோம், இந்தத் தேதி சாயங்காலம் கையைத் தூக்கினார், சத்தம் கேட்டது, அன்றிரவே வீங்கியது’ என்று நாள் வாரியாக ஒரு பக்கம் போதும்.

ஜே.டி. ஆபீஸ் பேசாமல் இருந்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ‘இந்த முகவரியில் உள்ள மையம் பதிவு பெற்றதா, பதிவு எண் என்ன, என் மனு மீது என்ன நடவடிக்கை?’ என்று மூன்றே கேள்வி கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். என் அனுபவத்தில் மனுவை விட இந்தப் பத்து ரூபாய்க்குத்தான் நாற்காலிகள் அசைகின்றன. பட்டமே பொய் என்று தெரிய வந்தால் அது ஏமாற்று வழக்கு, போலீஸ் ஸ்டேஷன் போகலாம்.

பணத்துக்கும் பட்ட பாட்டுக்கும் நஷ்ட ஈடு வேண்டுமென்றால் அது ராமநாதபுரம் நுகர்வோர் ஆணையம். காசு வாங்கிக்கொண்டு தரும் மருத்துவச் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கொடுத்த தொகை அஞ்சு லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், வக்கீல் கட்டாயமில்லை. பில் தரவில்லை என்று கவலைப்படாதீர்கள், ஜிபே செய்திருந்தால் அந்த ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது. 1915-க்குப் போன் போட்டால் வழி சொல்வார்கள்.

இனிமேல் பயிற்சி எங்கே செய்வது என்ற கவலையும் இருக்கும். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் உண்டா என்று கேளுங்கள், வீட்டுக்கே வருவார்கள், காசு கிடையாது. ஆனால் ஆபரேஷன் செய்த டாக்டர் ‘தொடங்கலாம்’ என்று சொன்ன பிறகுதான்.

கடிதத்தில் இருந்த சென்டர் பெயரை நாங்கள் எடுத்துவிட்டோம், அவர் பக்கத்தை நாங்கள் கேட்கவில்லை என்பதால். பாக்கிப் பன்னிரண்டு தடவைக்கு 3,600 ரூபாய் அவரிடம் நிற்கிறது. ‘வந்து முடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பணம் போச்சு’ என்று கூப்பிட்டால் போகாதீர்கள். பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று இன்றைக்கே வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்புங்கள். அவர் என்ன பதில் போட்டாலும், போடாமல் விட்டாலும், அதையும் பிரின்ட் எடுத்து மனுவோடு சேர்த்து வையுங்கள்.