சிலிக்கா நானோதுகள் சேர்த்தும் எஸ்டிஎஸ் (சோடியம் டோடெசில் சல்பேட் என்ற சோப்புப் பொருள்) நுரை ஏன் நிற்கவில்லை?

காரணம் மின்னூட்டம். நீரில் சிலிக்காவும் எதிர்மின், எஸ்டிஎஸ்ஸும் எதிர்மின், ஒட்டவே ஒட்டாது. துகள் நீருக்குள்ளேயே தங்கிவிடும், குமிழியின் மேற்பரப்புக்கு வராது.

நேர்மின் கொண்ட சோப்புப் பொருளான சிடிஏபி (செட்டில்ட்ரைமெத்தில் அம்மோனியம் புரோமைடு) எடுங்கள். அதன் நேர்மின் தலை சிலிக்காவில் ஒட்ட, நீரை வெறுக்கும் வால் வெளியே நீட்டி நிற்கும். துகள் பாதி நீரை வெறுக்கத் தொடங்கும். தொடுகோணம் (நீர்ப்பரப்பு துகளைத் தொடும் கோணம்) 90 பாகையை நெருங்கினால், 10 நானோமீட்டர் ஆரமுள்ள துகளைக் காற்று-நீர் எல்லையிலிருந்து பிடுங்க வெப்ப அசைவு ஆற்றலைப்போல் சுமார் 5,000 மடங்கு வேண்டும். தனி சோப்பு மூலக்கூறு வந்துவந்து போகும், இது போகாது. நுரையின் வலுவே இதுதான்.

100 மில்லி காய்ச்சி வடித்த நீரில் 1 கிராம் சிலிக்காவை அல்ட்ராசானிக்கில் (மீயொலிக் கருவியில்) கலைத்து, சிடிஏபி கரைசலைச் சொட்டுச்சொட்டாகக் கலக்கியபடி விடுங்கள். மொத்தமாக ஊற்றினால் கட்டிதட்டும். சிடிஏபி செறிவை 0.1 முதல் 5 மில்லிமோலார் வரை மாற்றித் தனித்தனிக் குப்பிகளில் பாருங்கள். அளவு மிஞ்சினால் துகள்மேல் இரண்டாம் அடுக்கு படிந்து, தலைகள் வெளிப்பக்கம் திரும்பும். துகள் மறுபடி நீருக்கே போய்விடும்.

சென்னையில் இரண்டு கவனம்: உப்பேறிய போர் தண்ணீர் வேண்டாம், துகள்கள் திரளும். ஏசியை 20 பாகையில் வைத்தால் சிடிஏபி படிகமாகி அடியில் இறங்கும். 30 பாகையில் வேலை செய்யுங்கள்.