தனியாக உட்கார்ந்து வரைந்துகொண்டே இருக்கும் குழந்தைக்கு, வித்தியாசமாக இருப்பது தப்பில்லை என்று சொல்லும் படப் புத்தகங்கள் கொடுக்கலாமா? இன்னும் ஒதுங்கிவிடாதா?

தாராளமாகக் கொடுக்கலாம். ஒதுங்கிவிடும் என்று வீட்டுப் பெரியவர்களோ பள்ளிக்கூடத்து மிஸ்ஸோ உங்களைப் பயமுறுத்தியிருப்பார்கள். என் மகனுக்கு ஆறு வயது இருக்கும்போது என் நாத்தனாரும் அதைத்தான் சொன்னார். "அவன் போக்குல விட்டா நாளைக்கு யார்கிட்டயும் ஒட்டமாட்டான்."

நான் டாக்டர் இல்லை. கூப்பிட்டால் திரும்புவதில்லை, பேச்சு வரவில்லை என்ற கவலை இருந்தால் முதலில் குழந்தைகள் மருத்துவரிடம் போங்கள். நான் சொல்வது, மற்றதெல்லாம் சரியாக இருந்தும் தன்பாட்டுக்கு இருக்கிற பிள்ளைகளைப் பற்றி மட்டும்தான்.

ஆனால் எந்தப் புத்தகம் என்று பார்த்துக் கொடுங்கள். இந்த வகைக் கதைகளில் பாதி ஒரே அச்சு. ஒரு பிராணி வித்தியாசமாகப் பிறக்கும், எல்லாரும் கேலி செய்வார்கள், ஒரு ஆபத்து வரும், அந்த வித்தியாசமே எல்லாரையும் காப்பாற்றும், உடனே சேர்த்துக்கொள்வார்கள். சிவப்பு மூக்குக் கலைமான் ருடால்ஃப் கதை அப்படித்தான். 1939இல் மான்ட்கோமரி வார்ட் என்ற அமெரிக்கக் கடை கிறிஸ்துமஸுக்கு இலவசமாகக் கொடுப்பதற்காக எழுத வைத்தது. மூடுபனியில் அந்த மூக்கு வெளிச்சம் காட்டிய பிறகுதான் அதற்கு மரியாதை. அப்படியானால் எதற்கும் உதவாத வித்தியாசம் உள்ள பிள்ளை என்ன செய்யும்?

அதனால் நான் யார் கேட்டாலும் முதலில் சொல்வது ஃபெர்டினாண்ட் என்ற காளையின் கதை. மன்ரோ லீஃப் எழுதி ராபர்ட் லாசன் வரைந்தது, 1936இல் வந்தது. மற்றக் கன்றுகள் முட்டி மோதி விளையாடும்போது இது மட்டும் கார்க் மரத்தடியில் உட்கார்ந்து பூவை மோந்துகொண்டிருக்கும். படத்தில் அந்த மரத்தில் பாட்டில் கார்க்குகள் கொத்துக் கொத்தாகக் காய்த்துத் தொங்கும், பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். தனியாக இருக்கிறதே என்று அம்மா பசு கவலைப்பட்டு வந்து கேட்கும். எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு என்று கன்று சொல்லும். அது நிஜமாகவே சந்தோஷமாக இருப்பதைப் பார்த்து, அப்படியே விட்டுவிடும். பிறகு தேனீ கொட்டித் துள்ளுவதைப் பார்த்து, பெரிய முரட்டுக் காளை என்று ஸ்பெயினின் மாட்ரிட் நகரத்துக் காளைச் சண்டைக்குப் பிடித்துப் போவார்கள். அங்கேயும் பெண்கள் தலையில் வைத்திருக்கும் பூ வாசத்துக்கு மைதானத்து நடுவில் உட்கார்ந்துவிடும். வேறு வழியில்லாமல் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். அவ்வளவுதான் கதை. அது யாரையும் காப்பாற்றவில்லை, திருந்தவும் இல்லை. இதற்குப் போய் சர்வாதிகாரி ஃபிராங்கோ ஆண்ட ஸ்பெயினில் தடை!

என் மகனுக்கு அந்த அம்மா பசு வரும் பக்கம் போதும். அதையே திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்வான்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஏரியாவில் ஓவியப் போட்டி வைத்தார்கள். தலைப்பு இயற்கைக் காட்சி. உங்களுக்கே தெரியும்: இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு குடிசை, ஒரு தென்னை. வரிசையாக எல்லாப் பிள்ளைகளும் அதையே போட்டிருந்தார்கள். இவன் எங்கள் தெரு முனை டிரான்ஸ்ஃபார்மரையும் அதன் மேல் ஒரு காக்காவையும் வரைந்தான். நடுவராக வந்தவர் பேப்பரைத் தூக்கிப் பிடித்து, "இதுல இயற்கை எங்கப்பா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இவனோ வீட்டுக்கு வரும் வழியில், "கம்பி மாட்டுற பீங்கான் எல்லாம் கரெக்டா வந்திருக்கு பாத்தியாம்மா?" என்கிறான்.

புத்தகத்தால்தான் அப்படி இருந்தான் என்று நான் சொல்லவில்லை, அது அவன் சுபாவம். நாத்தனார் பேச்சைக் கேட்டு அவனை மலையும் சூரியனும் போடப் பழக்காமல் இருக்க எனக்கு அந்தப் புத்தகம் உதவியது. இப்போது பத்தாவது படிக்கிறான். நண்பர்கள் கொஞ்சம் பேர்தான், ஆனால் நல்ல நண்பர்கள்.

இங்கிலீஷ் புத்தகத்தைச் சொல்கிறாளே என்பவர்களுக்கு: நான் படத்தைக் காட்டித் தமிழில்தான் சொன்னேன். சென்னை தூலிகா பதிப்பகத்தார் தமிழ்ப் படப் புத்தகங்கள் போடுகிறார்கள். பிரதம் புக்ஸ் என்ற பதிப்பகத்தின் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் 2015 முதல் தமிழ்க் கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆக, காசு உள்ளவர்கள் பேச்சு என்றும் தள்ளிவிடாதீர்கள்.

ஒன்று மட்டும் இன்னும் ஆறவில்லை. எங்கள் பக்கத்து நூலகத்தில் நல்ல படப் புத்தகங்கள் இருந்தன, கண்ணாடி பீரோவில் பூட்டி. கேட்டால் "பசங்க கிழிச்சுட்டா யார் பொறுப்பு?" பிள்ளைகள் கை பட்டால் புத்தகம் கிழியத்தான் செய்யும், டேப் போட்டு ஒட்டிக்கொள்ளலாமே! போட்டிப் பரீட்சை கைடுகளுக்கு அங்கே ஒரு அறையே இருக்கிறது. உங்கள் ஊரிலும் பூட்டி வைத்திருந்தால், திறக்கச் சொல்லி எழுதியே கொடுங்கள்.