பயாஸில் போட்டது எவ்வளவு, லோடில் வருவது எவ்வளவு? ஓவர்கிளாக் கேள்வி பதில்

டெஸ்க்டாப் பிராசசரை ஓவர்கிளாக் செய்வது (நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது), வோல்டேஜ் சரிபார்ப்பது பற்றி வந்த கேள்விகள் மட்டும் இங்கே. லேப்டாப், கிராபிக்ஸ் கார்டு கேள்விகளை எடுக்கவில்லை.

கேள்வி: ஐ5-12400, பி660 போர்டு. எத்தனை கிகாஹெர்ட்ஸ் வரை ஏற்றலாம் அண்ணா?

பதில்: ஏற்ற முடியாது. இன்டெலில் பெயரின் முடிவில் 'கே' (கேஎஃப், கேஎஸ் உட்பட) இருந்தால்தான் மல்டிபிளையர், அதாவது பேஸ் கிளாக்கைப் பெருக்கி வேகம் தரும் எண், திறந்திருக்கும். அதற்கும் இசட் வரிசை சிப்செட் வேண்டும். பி660-இல் மெமரியை மட்டும் ஏற்றலாம். தனி கிளாக் ஜெனரேட்டர் உள்ள ஓரிரு பி660 போர்டுகளில் பேஸ் கிளாக் வழியாக ஏற்ற வழி உண்டு, சாதாரண போர்டில் கிடையாது. ஏஎம்டி என்றால் பி, எக்ஸ் வரிசை போதும். ஏ320, ஏ520 உதவாது.

கேள்வி: ஐ7-8700கே, இசட்370 போர்டு, இரட்டை விசிறி டவர் கூலர். இதுதான் முதல் முறை. எங்கே தொடங்குவது?

பதில்: எதையும் மாற்றாமல் தொடங்குங்கள். சினிபெஞ்ச் ஆர்23 என்ற சோதனை மென்பொருளைப் பத்து நிமிடம் ஓடவிட்டு ஸ்கோர், வெப்பநிலை, விகோர் (பிராசசர் கோருக்குப் போகும் வோல்டேஜ்) மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். ஸ்டாக்கிலேயே (எதையும் மாற்றாத நிலையில்) 85 டிகிரியைத் தொட்டால் கூலரையும் தெர்மல் பேஸ்ட்டையும் முதலில் சரிசெய்யுங்கள், ஓவர்கிளாக் பிறகு.

அடுத்து பயாஸில் (விண்டோஸுக்கு முன் வரும் போர்டின் அமைப்புத் திரை) எக்ஸ்எம்பியை, அதாவது மெமரியை வேகமாக ஓட்டும் அமைப்பை, அணையுங்கள். மெமரியால் வரும் கிராஷையும் பிராசசரால் வரும் கிராஷையும் பிரித்துப் பார்க்க இதை விட்டால் வழியில்லை. மல்டிகோர் என்ஹான்ஸ்மென்ட் (போர்டு தானே எல்லா கோரின் வேகத்தையும் ஏற்றுவது) இருந்தால் அதையும் அணையுங்கள். விகோரை மேனுவலில் 1.25 வோல்ட், எல்லா கோருக்கும் மல்டிபிளையர் 47 (அதாவது 4.7 கிகாஹெர்ட்ஸ்), ஏவிஎக்ஸ் ஆஃப்செட் 2 (கனமான ஏவிஎக்ஸ் கணக்குகளில் மல்டிபிளையர் 2 குறையும்), எல்எல்சி (லோடில் வோல்டேஜ் சரிவைக் கட்டுப்படுத்தும் அமைப்பு) நடு நிலை. கேஷ் ரேஷியோவை இப்போது தொட வேண்டாம்.

சேவ் செய்து விண்டோஸுக்குள் போய் மறுபடி சினிபெஞ்ச். ஓடும்போதே ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளில் விகோரைப் பாருங்கள். கிராஷ் இல்லாமல் நின்றால் 48. நீலத்திரை வந்தால் 0.01 வோல்ட் கூட்டுங்கள். ஒரு தடவைக்கு ஒரே மாற்றம். இரண்டை ஒன்றாக மாற்றினால் கெட்டது எதனால் என்று தெரியாது.

எங்கே நிறுத்துவது? இந்தச் சிப்புக்குத் தினசரி ஓட்டத்தில் லோடில் 1.35 வோல்ட், 85 டிகிரி என்பது என் எல்லை. சிப்பின் சொந்த எல்லை 100 டிகிரி, அங்கே அது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 8700கே-யில் சிலிக்கானுக்கும் மேல்மூடிக்கும் நடுவே இருப்பது ஈயப்பற்று அல்ல, வெறும் பேஸ்ட். அதனால் பெரும்பாலும் வோல்டேஜ் எல்லைக்கு முன்பே வெப்ப எல்லை வந்துவிடும். இரவில் சோதித்து 82 டிகிரி என்றால், அறை பத்து டிகிரி கூடும் மத்தியானத்தில் அது 92.

இன்னும் 300 மெகாஹெர்ட்ஸுக்கு ஆசைப்படும் முன் ஒரு கணக்கு. மின்செலவு, வோல்டேஜின் வர்க்கத்தையும் வேகத்தையும் பெருக்கிய அளவில் ஏறும். 4.7 கிகாஹெர்ட்ஸ், 1.25 வோல்ட்டிலிருந்து 5.0, 1.38-க்குப் போனால் வேகம் கூடுவது சுமார் 6 சதவீதம், வெப்பம் கூடுவது சுமார் 30 சதவீதம்.

கடைசியில் ஓசிசிடி என்ற சோதனை மென்பொருள் ஒரு மணி நேரம். அதில் கிராஷ் இல்லாமல் தேறிய பிறகு எக்ஸ்எம்பியை ஏற்றி முழுச் சோதனையும் மறுபடி.

கேள்வி: மல்டிபிளையரை மட்டும் ஏற்றிவிட்டு வோல்டேஜை ஆட்டோவில் விட்டால் போதாதா?

பதில்: வேண்டாம். எப்படியாவது பூட் ஆகட்டும் என்று போர்டு தாராளமாக ஊட்டும். 1.28 போதுமான இடத்தில் 1.40 போகலாம். ஆட்டோ, ஸ்டாக் வேகத்துக்கு மட்டும்.

கேள்வி: பயாஸில் 1.35 வைத்தேன். ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் விஐடி 1.38, விகோர் 1.29. எதை நம்புவது சார்?

பதில்: நல்ல கேள்வி. விஐடி என்பது பிராசசர் கேட்கும் அளவு. மேனுவலில் வைத்தபின் அதற்கு அர்த்தமில்லை, மறந்துவிடுங்கள். 1.35 நீங்கள் போர்டிடம் சொன்னது. 1.29 லோடில் உண்மையில் வருவது. இந்தச் சரிவு குறை அல்ல, வேண்டுமென்றே வைத்த ஏற்பாடு.

பலர் சரிவைப் பார்த்து எல்எல்சியை உச்சத்தில் வைக்கிறார்கள். அப்போது கோடு நேராகத் தெரியும், உண்மைதான். ஆனால் லோடு சட்டென விலகும் கணத்தில் வோல்டேஜ் மேலே துள்ளும். ஹெச்டபிள்யூஇன்ஃபோ இயல்பாக இரண்டு வினாடிக்கு ஒரு முறைதான் படிக்கிறது, மைக்ரோவினாடித் துள்ளல் அதன் கண்ணில் படாது. ஆகவே எல்எல்சி நடுவில் இருக்கட்டும், சரிவைக் கணக்கில் எடுத்து பயாஸ் எண்ணைச் சற்றுக் கூட்டி வையுங்கள்.

இன்னொன்று: பல போர்டுகளில் விகோரைச் சாக்கெட் பக்கம் அளக்கிறார்கள். அங்கிருந்து சிப்புக்குள் போகும் வழியில் உள்ள இழப்பு அதில் சேராது, லோடில் கொஞ்சம் கூட்டியே காட்டும். 'விஆர் வவுட்' என்ற வரி இருந்தால் அதைப் பாருங்கள்.

கேள்வி: மல்டிமீட்டரில் அளந்தால் துல்லியம்தானே?

பதில்: போர்டில் அளவுப் புள்ளிகள் கொடுத்திருந்தால் மட்டும். மீட்டரை டிசி 2 வோல்ட் ரேஞ்சில் வைத்து, கறுப்பு முனையை முதலில் கேஸ் திருகில் கொடுங்கள், பிறகு சிவப்பைப் புள்ளியில். புள்ளி இல்லாத போர்டில் சோக் காயிலின் (பிராசசருக்கு மின்சாரம் தரும் சுருளின்) காலைத் தொட முயலாதீர்கள். அதன் ஒரு காலில் 12 வோல்ட் துடித்துக்கொண்டிருக்கும், மறு கால் நேராகப் பிராசசருக்குப் போகிறது. முனை சறுக்கி இரண்டையும் சேர்த்துத் தொட்டால் பிராசசர் அதோடு போயிற்று. மீட்டரும் சராசரியைத்தான் காட்டும், துள்ளலை அல்ல.

கேள்வி: ரைசன் 5 5600எக்ஸ். சும்மா இருக்கும்போதே 1.45 வோல்ட்! கெட்டுவிடுமா?

பதில்: கெடாது. ஒரே கோர் கண நேரம் 4.6 கிகாஹெர்ட்ஸுக்குத் தாவ அந்த வோல்டேஜ் வேண்டும், அப்போது ஓடும் கரன்ட் மிகக் குறைவு. சினிபெஞ்சை எல்லா கோரிலும் ஓட்டிப் பாருங்கள், தானே இறங்கும். ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் படிக்க வேண்டிய வரி 'எஸ்விஐ2 டிஎஃப்என்'.

கேள்வி: 5800எக்ஸ், ஐடிலில் 1.47. ஆபத்தா?

பதில்: மேலே உள்ள பதில்.

கேள்வி: நீங்கள் சொல்வது சரியாகப் படவில்லை. என் 5600எக்ஸில் எல்லா கோரும் 4.6, நிலையாக 1.35 வோல்ட் வைத்திருக்கிறேன். 1.45-ஐ விட 1.35 குறைவுதானே?

பதில்: எண் குறைவு, தேய்மானம் அதிகம். சிப்பைத் தேய்ப்பது வோல்டேஜ் மட்டுமல்ல, வோல்டேஜும் கரன்ட்டும் வெப்பமும் சேர்ந்து. ஸ்டாக்கில் இந்தச் சிப்புக்கு 76 வாட், 60 ஆம்பியர், கண நேர உச்சம் 90 ஆம்பியர் என்று வரம்பு உண்டு. நீங்கள் மேனுவல் வேகம் போட்டதும் அந்தக் காவல் விலகிவிடுகிறது. எல்லா கோரும் முழு லோடில் இருக்கும்போதும் 1.35 இறங்காது.

அதற்குப் பதில் பயாஸில் பிபிஓவை (ஏஎம்டியின் தானியங்கி வேகமேற்றி) அட்வான்ஸ்டில் வைத்து, கோர் வாரியாக வோல்டேஜைக் குறைக்கும் கர்வ் ஆப்டிமைசரில் எல்லா கோருக்கும் மைனஸ் 10 கொடுங்கள். ஒரு எண்ணுக்கு ஏறக்குறைய 3 முதல் 5 மில்லிவோல்ட் குறையும். நின்றால் மைனஸ் 15. கோர்சைக்கிளர் என்ற சோதனைக் கருவியை ஓட்டிக் கோர் கோராகச் சோதியுங்கள், ஏனென்றால் இதில் கிராஷ் சினிபெஞ்சில் வராது, பாட்டுக் கேட்கும்போது திடீர் ரீஸ்டார்ட்டாக வரும். விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் டபிள்யூஹெச்இஏ-லாகர் (வன்பொருள் பிழைப் பதிவு), ஐடி 18 தேடுங்கள். அதில் உள்ள ஏபிஐசி ஐடி 0, 1 என்றால் முதல் கோர், 2, 3 என்றால் இரண்டாவது. அந்தக் கோருக்கு மட்டும் மைனஸ் எண்ணைப் பூஜ்யத்தை நோக்கிச் சிறிதாக்குங்கள்.

கேள்வி: ஒரு வருடமாக 1.35-இல்தான் ஓடுகிறது, ஒன்றும் ஆகவில்லையே?

பதில்: தேய்மானம் புகையாக வராது. நேற்று 1.35-இல் நின்ற வேகம் ஒரு நாள் 1.36 கேட்கும், பிறகு 1.38. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறையில் நடந்ததும் இதுதான். அளவுக்கு மீறிய வோல்டேஜ் போய், சிப் நிலையாக ஓடத் தேவையான குறைந்தபட்ச வோல்டேஜ் ஏறிக்கொண்டே போனது. 2024 ஆகஸ்டில் 0எக்ஸ்129 மைக்ரோகோடு (பயாஸ் வழியாக வரும் பிராசசர் திருத்தம்) வந்து, பிராசசர் 1.55-க்கு மேல் கேட்பதைத் தடுத்தது. உத்தரவாதத்தையும் இரண்டு வருடம் நீட்டினார்கள். அந்த மைக்ரோகோடு கெட்ட சிப்பை மீட்காது, கெடாததைக் காக்கும். அந்தத் தலைமுறை வைத்திருப்பவர்கள் ஓவர்கிளாக் பற்றிக் கேட்கும் முன் பயாஸை அப்டேட் செய்யுங்கள்.

கேள்வி: மேலே 5600எக்ஸ் வைத்திருக்கும் அண்ணன் சொன்னதுபோல நானும் 1.35 வைத்துவிட்டேன். பயாஸ் எண்ணைத்தான் பார்க்க வேண்டுமா?

பதில்: லோடில் வரும் எண். பயாஸ் எண் அல்ல. இதை மூன்றாவது முறை எழுதுகிறேன். கர்வ் ஆப்டிமைசருக்கு மாறுங்கள்.

கேள்வி: 5800எக்ஸ்3டி?

பதில்: மல்டிபிளையர் பூட்டியது. விட்டுவிடுங்கள்.

கேள்வி: 7800எக்ஸ்3டி, எக்ஸ்போ (ஏஎம்டியின் எக்ஸ்எம்பி) போட்டால் எஸ்ஓசி (சிப்பில் மெமரி கன்ட்ரோலர் உள்ள பகுதி) வோல்டேஜ் 1.36.

பதில்: உடனே எக்ஸ்போவை அணைத்து பயாஸை அப்டேட் செய்யுங்கள். 2023-இல் இந்த வகைச் சிப்புகள் சாக்கெட்டில் கருகிய பிறகு ஏஎம்டி எஸ்ஓசிக்கு 1.3 வோல்ட் உச்சவரம்பு வைத்தது. உங்களிடம் இருப்பது அதற்கு முந்தைய பயாஸ்.

கேள்வி: 5600, ஐடிலில் 1.44...

பதில்: மேலே.

கேள்வி: மல்டிபிளையரை 52 வைத்தேன், திரையே வரவில்லை.

பதில்: பவர் சப்ளையை அணைத்துப் பிளக்கைப் பிடுங்குங்கள். போர்டில் உள்ள வட்ட பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள், பயாஸ் பழைய நிலைக்கு வரும். அடுத்த முறை 47-இலிருந்து ஒவ்வொன்றாக ஏறுங்கள்.