கீமோ பக்கம் விழுந்தவர்கள்

அக்காவுக்கு வணக்கம்.

நான் கடலூர் முதுநகர். தோல் புற்றுநோய் மருந்துச் சோதனை பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். என் பெரியப்பாவுக்கு உள்ளங்காலில் கறுப்பாக ஒன்று வந்தது. கால் ஆணி என்று இரண்டு வருடம் எருக்கம்பால் விட்டார். மெலனோமா என்ற தோல் புற்றுநோய் என்று தெரியும்போது தொடை இடுக்கில் நெறி கட்டிவிட்டது. புது மாத்திரை கட்டியைக் கரைப்பது கண்ணுக்குத் தெரிந்த பிறகும், பாதிப் பேருக்குப் பழைய கீமோவைக் கொடுத்து ஒப்பிட்டது நியாயமா?

செ., கடலூர்

அன்புள்ள தம்பிக்கு,

சித்தியோடு கோரிமேடு ஜிப்மருக்கு அலைந்த நாட்களில், ஓ.பி. வரிசையில் ஒரு அம்மா மஞ்சப்பையில் ரிப்போர்ட்டுகளை வைத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பவர்களிடமெல்லாம் கேட்பார்: "புது மருந்து வந்திருக்காமே, நமக்குக் கிடைக்குமா?" உங்கள் கேள்வியைப் படித்ததும் அந்தக் குரல்தான் ஞாபகம் வந்தது.

மெலனோமா கட்டிகளில் ஏறக்குறைய பாதியில் பிராஃப் என்ற மரபணு கெட்டிருப்பதை 2002-ல் கண்டுபிடித்தார்கள். அதைக் குறிவைத்து வந்த மாத்திரை வெமுராஃபெனிப். அந்தக் கோளாறு உள்ள 32 பேருக்கு முதலில் கொடுத்தபோது 26 பேருக்குக் கட்டி சுருங்கியது. எழுபதுகளிலிருந்து இருந்த கீமோ டகார்பசின். அதில் இப்படி நடப்பது அபூர்வம். இருந்தும் 675 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள்.

குலுக்கியது சரி என்றுதான் நினைக்கிறேன். கட்டி சுருங்குவது வேறு, ஆள் பிழைத்திருப்பது வேறு. இந்த மாத்திரையில் கட்டி சுருங்கியவர்களிலேயே பலருக்குச் சில மாதங்களில் கட்டி திரும்ப வளர்ந்தது. ஆயுள் கூடுகிறதா என்பது ஒப்பிட்டுப் பார்த்தால்தான் தெரியும். பார்த்தார்கள்: ஆறு மாதத்தில் மாத்திரை பக்கம் நூற்றுக்கு 84 பேர் உயிரோடு இருந்தார்கள், கீமோ பக்கம் 64 பேர்.

எனக்கு ஆறாதது வேறொன்று. கீமோ பக்கம் விழுந்தவர்களுக்கு, அது கேட்காமல் நோய் முற்றிய பிறகும், ஆரம்பத்தில் அந்த மாத்திரையைத் தரவில்லை. அவர்களும் மாத்திரை சாப்பிட்டால் எந்தப் பக்கம் ஆயுள் கூடியது என்ற கணக்கு கலங்கிவிடுமாம். இடைக்கால முடிவுகளைப் பார்த்த கண்காணிப்புக் குழு சொன்ன பிறகுதான், 2011 தொடக்கத்தில், அவர்களுக்கும் வழி திறந்தது. அதற்குள் போய்விட்டவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது. முதலில் கீமோ கொடுத்துப் பார்க்கட்டும். கேட்கவில்லை என்றால் அன்றைக்கே மாத்திரையைக் கையில் கொடுத்திருக்க வேண்டும். கணக்கு கொஞ்சம் கலங்கினால் கலங்கட்டும்.

சரி, பெரியப்பா விஷயம். உள்ளங்காலில் வரும் வகையில் பிராஃப் கோளாறு குறைவு. சிலருக்கு கிட் என்ற மரபணுவில் இருக்கும். கட்டியிலிருந்து எடுத்துப் பதப்படுத்தி வைத்திருக்கும் சதையில் (பயாப்ஸி ப்ளாக்) இரண்டையும் பார்த்தார்களா என்று டாக்டரிடம் கேளுங்கள். எதுவும் இல்லையென்றால் மனம் விட்டுவிடாதீர்கள். உடம்பின் எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் ஊசிகள் இப்போது இருக்கின்றன, அதையும் கேளுங்கள். எருக்கம்பால் விட்டதைச் சொல்லி வீட்டில் யாரும் அவரைக் குத்திக்காட்ட வேண்டாம். நம் பக்கத்தில் கால் ஆணிக்கு எல்லோரும் அதைத்தானே விடுகிறோம்.

அன்புடன்,
அக்கா