பெரைராவும் பெரேராவும்: கேள்வி பதில்

போர்ச்சுகலில் அதிகம் பேருக்கு இருக்கும் முதல் பத்துக் குடும்பப்பெயர்களில் பெரைராவும் ஒன்று. அதைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றை எடுத்துக்கொண்டேன்.

பெரைரா என்றால் என்ன? எல்லோரும் ஒரே வம்சமா?

பேரிக்காய் மரம். வட போர்ச்சுகலிலும் ஸ்பெயினின் கலீசியாவிலும் இந்த மரத்தால் பெயர் பெற்ற ஊர்கள் பல. பார்செலோஸ் பக்கம் இன்றும் பெரைரா என்றே ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் ஊர்ப்பெயரைத் தங்கள் பெயரோடு சேர்த்துக்கொண்டார்கள். ஊர்கள் பல என்பதால் வம்சமும் ஒன்றல்ல.

மரப்பெயர் இருந்தால் யூத வம்சம் என்கிறார்களே, உண்மையா?

இது எங்கே போனாலும் கேட்கும் கதை. பாதிதான் சரி. 1497-இல் மன்னர் முதலாம் மானுவல் போர்ச்சுகல் யூதர்களைக் கட்டாயமாக மதம் மாற்றினார். மாறியவர்கள் ஊரில் புழங்கிய பெயர்களையே எடுத்துக்கொண்டார்கள். அவற்றில் பெரைராவும் உண்டு. 18-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் காது கேளாதோருக்குப் பேசக் கற்றுக்கொடுத்துப் புகழ்பெற்ற ஜேக்கப் ரொட்ரிகஸ் பெரைரா அந்த வழியில் வந்தவர். அவருடைய பேரன்கள் எமிலும் ஐசக்கும் 1852-இல் பாரிஸில் 'கிரெடி மொபிலியே' வங்கியைத் தொடங்கினார்கள்.

ஆனால் அதற்கெல்லாம் வெகு முன்பே, 1385-இல், அல்ஜுபரோட்டா போரில் ஸ்பெயின் பகுதியின் காஸ்டீல் அரசுப் படையைத் தோற்கடித்த தளபதியின் பெயர் நூனோ ஆல்வரெஸ் பெரைரா. அவருடைய தாத்தா போர்ச்சுகலின் பிராகா நகரப் பேராயர் (பேராயருக்குப் பேரனா என்று கேட்காதீர்கள், காலம் அப்படி). நூனோவின் மகள் வழியில் வந்ததுதான் 1640 முதல் போர்ச்சுகலை ஆண்ட பிரகான்சா வம்சம். 2009-இல் வத்திக்கான் நூனோவைப் புனிதராக அறிவித்தது. வெறும் பெயரை வைத்து யாருடைய மூதாதை யார் என்று சொல்லவே முடியாது.

இந்தியாவுக்கு ஆரம்பத்திலேயே வந்த பெரைரா யாராவது உண்டா?

துவார்த்தே பஷேக்கு பெரைரா. 1504-இல் கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரியின் பெரும்படையிடமிருந்து கொச்சியைச் சிறு படையோடு காத்தவர்.

இலங்கையில் திரும்பிய பக்கமெல்லாம் பெரேரா. இவர்கள் போர்ச்சுக்கீசியர் வாரிசுகளா?

பெரும்பாலும் இல்லை. பெரேரா என்பது பெரைராவின் இலங்கை வடிவம். 1505-இல் வந்த போர்ச்சுக்கீசியர் 1658 வரை இலங்கைக் கரையோரத்தில் இருந்தார்கள். அப்போது ஞானஸ்நானம் பெற்ற சிங்களவர்களுக்கு இந்தப் பெயர்கள் வந்தன. பழைய குடும்பப்பெயரையும் அவர்கள் விடவில்லை. இடதுசாரித் தலைவர் என். எம். பெரேராவின் முழுப்பெயர் நானாயக்காரபதிரகே மார்ட்டின் பெரேரா. அதில் முதல் பகுதி சிங்களக் குடும்பப்பெயர். அப்புறம் பல குடும்பங்கள் பௌத்தத்துக்குத் திரும்பின, பெரேரா மட்டும் ஒட்டிக்கொண்டது. இன்று பௌத்தப் பெரேராக்கள் ஏராளம்.

தூத்துக்குடியில் எங்கள் தெருவில் பெரைரா, பெர்னாண்டோ எல்லாம் உண்டு. லிஸ்பனில் சொந்தம் தேடலாமா?

காசை வீணாக்காதீர்கள். 1530-களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் போர்ச்சுக்கீசியரின் பாதுகாப்பை நாடி ஊர் ஊராக ஞானஸ்நானம் பெற்றார்கள். பிரான்சிஸ் சேவியர் 1542-இல் வந்தபோது அவர்கள் ஏற்கெனவே கிறிஸ்தவர்கள். பெயர் ஞானஸ்நானத்தோடு வந்தது, ரத்தத்தோடு அல்ல. முன்னோரைத் தேட வேண்டுமென்றால் உங்கள் பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டில் தொடங்குங்கள்.

கொலம்பியாவில் பெரைரா என்று நகரமே இருக்கிறதே?

ஆமாம், 1863-இல் உருவானது. பிரான்சிஸ்கோ பெரைரா மார்ட்டினெஸ் என்பவரின் நினைவாக வைத்த பெயர். அங்கே பேசுவது ஸ்பானிஷ்.