மருத்துவர் பதில்: தாய்ப்பாலை ஏன் நிறுத்தினீர்கள்?

முதலில், இன்றே தாய்ப்பால் கொடுக்கத் தொடங்குங்கள். பிறந்து பன்னிரண்டு நாள்களே ஆன மகளின் குதிகால் இரத்தப் பரிசோதனையில் ஃபீனைல்அலனின் என்ற, புரதத்தில் உள்ள அமினோ அமிலம் 180 என வந்ததைக் கண்டு, அது மூளைக்கு நஞ்சென்று ஒரு காணொளி சொன்னதை நம்பிப் பசும்பால் புகட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். பசும்பாலில் தாய்ப்பாலைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு புரதம் உண்டு. புரதம் கூடினால் ஃபீனைல்அலனினும் கூடும். எதற்கு அஞ்சினீர்களோ, அதையே அதிகமாகக் கொடுத்து வருகிறீர்கள்.

இயல்பான அளவு லிட்டருக்கு 120 மைக்ரோமோலுக்குள் இருக்க வேண்டும். உணவுக் கட்டுப்பாடு தேவைப்படுவது 360ஐத் தாண்டும்போது. 35 வாரத்தில் பிறந்து, நரம்பு வழியாக அமினோ அமிலம் ஏறிக்கொண்டிருந்த நாளில் இரத்தம் எடுக்கப்பட்ட குழந்தைக்கு 180 வருவது அரிதன்று. டேண்டம் மாஸ் கருவி ஒரே சொட்டு இரத்தத்தில் பல வளர்சிதைமாற்றப் பொருள்களை அளக்கிறது. அவற்றில் ஒன்று மட்டும் உயர்ந்திருக்கிறதா, எல்லா அமினோ அமிலங்களும் சேர்ந்து உயர்ந்திருக்கின்றனவா, டைரோசின் என்ற மற்றோர் அமினோ அமிலத்தோடு ஒப்பிட்டால் விகிதம் என்ன என்று பார்த்துத்தான், ஃபீனைல்அலனினை உடலால் சரியாகச் சிதைக்க முடியாத ஃபீனைல்கீட்டோனூரியா என்ற பிறவி நோயை ஐயுற முடியும். அப்போதும் அது ஐயம்தான், முடிவு அன்று.

அதற்காக மறுபரிசோதனையை ஒத்திப்போட்டது சரியாகாது. ஐந்து நாள்களாக 'நன்றாகத்தானே இருக்கிறாள்' என்று காத்திருக்கிறீர்கள். ஃபீனைல்கீட்டோனூரியா உள்ள குழந்தையும் முதல் சில மாதங்கள் நன்றாகவே தோன்றும். 1934இல் நார்வே மருத்துவர் ஃபோலிங், ஒரு தாய் அழைத்து வந்த இரு பிள்ளைகளின் சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு சேர்த்தபோது அது பச்சையாக மாறியதைக் கொண்டு இந்நோயைக் கண்டுபிடித்தார். ஆனால் அதற்குள் அப்பிள்ளைகளின் மூளை வளர்ச்சி பாதிக்கப்பட்டிருந்தது. அந்த நிலை வருமுன் கண்டுபிடிக்கவே குதிகாலில் குத்துகிறோம். ஆகவே நாளைக் காலையே மறுமாதிரி கொடுங்கள். நோய் உறுதியானாலும் சிறப்புப் பால்மாவோடு அளவாகத் தாய்ப்பாலும் கொடுக்கலாம். உடனே தொடங்கிய குழந்தைகள் மற்றவர்களைப் போலவே படித்து வளர்கிறார்கள்.

விக்கல், தும்மல், தோல் உரிதல் ஆகியவற்றை மறந்துவிடுங்கள். கிரைப் வாட்டரும் வேண்டாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: குழந்தை பால் குடிக்க மறுத்து, எழுப்பினாலும் விழிக்காமல் துவண்டு கிடந்தாலோ, அத்துடன் வாந்தியோ வேக மூச்சோ சேர்ந்தாலோ, எந்த முடிவுக்கும் காத்திராமல் அந்த மணி நேரத்துக்குள் அவசரப் பிரிவுக்குக் கொண்டு செல்லுங்கள். அது கிருமித்தொற்றாகவோ வேறு வளர்சிதைமாற்றக் கோளாறாகவோ இருக்கலாம். இந்த அறிக்கையைக் காட்டி, இரத்தச் சர்க்கரையோடு அம்மோனியாவையும் பார்க்கச் சொல்லுங்கள்.

தாய்மாமனை மணந்ததால்தான் இப்படி ஆனதா என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகவே கடிதம் எழுதியதாக உணர்கிறேன். உறவுமுறைத் திருமணத்தில் இத்தகைய நோய்களுக்கான வாய்ப்பு கூடும் என்பது உண்மை, ஆனால் 180 என்ற எண் உங்கள் குழந்தைக்கு நோய் இருப்பதாகச் சொல்லவில்லை. இருந்தாலும்கூட, தாய் தந்தை இருவருமே அறியாமல் சுமக்கும் மரபணுவுக்கு எவரும் குற்றவாளி அல்லர். உங்களை அப்படிச் சொல்லும் உறவினரிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள்.