இரண்டாம் வகுப்பில் ஆங்கிலம் – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்வழிப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். என் பிள்ளைகள் வீட்டில் தமிழும் கடைத்தெருவில் மலையாளமும் பேசுகிறவர்கள். பள்ளியில் தமிழ், மலையாளம், ஆங்கிலம் என மூன்று எழுத்துகளையும் கற்கிறார்கள். கரும்பலகையில் நான் எழுதிப்போடும் ஆங்கில வாக்கியத்தை முத்து முத்தாகப் பார்த்து எழுதுகிறார்கள். அதையே வாசிக்கச் சொன்னால் விழிக்கிறார்கள். 'கேட்' என்ற சொல்லைப் பூனைப் படத்தோடு காட்டினால் சொல்கிறார்கள், படத்தை மறைத்தால் தெரியவில்லை. ஆங்கிலவழிப் பள்ளிக்கு மாற்றிவிடப்போவதாகப் பெற்றோர் சொல்கிறார்கள். மூன்று மொழிகள் இந்த வயதில் சுமைதானா? தமிழ் நேரத்தைக் குறைத்து ஆங்கிலத்துக்குக் கூட்டிக்கொள்ளலாமா?

ஓர் ஆசிரியை,
சித்தூர் வட்டம்

அன்புள்ள டீச்சருக்கு,

தமிழ் நேரத்தைக் குறைக்க வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோடுகளும் வளைவுகளும் ஒலியைக் குறிக்கின்றன, அந்த ஒலிகளைக் கூட்டினால் தனக்குத் தெரிந்த ஒரு சொல் கிடைக்கிறது என்பதை ஒரு குழந்தை ஒரு முறை கண்டுகொண்டால் போதும். வீட்டு மொழியில் அதைக் கண்டுகொண்ட குழந்தை அடுத்த மொழிக்குள் நுழையும்போது அந்த அறிவையும் கையோடு கொண்டுபோகிறது. ஒரு மொழியில் பெற்ற எழுத்தறிவு இன்னொரு மொழிக்குத் துணைநிற்கும் என்பதை 1979இல் ஜிம் கம்மின்ஸ் விரிவாக வாதிட்டார். மூன்று மொழிகளையும் காதில் வாங்குவது உங்கள் பிள்ளைகளுக்குச் சுமையே இல்லை. மூன்றையும் ஒரே சமயத்தில் பார்த்து எழுதுவதிலிருந்து தொடங்குவதுதான் சுமை.

தமிழில் 'க' என்ற எழுத்தின் பெயரே அதன் ஒலி. ஆங்கிலத்தில் பெயர் வேறு, ஒலி வேறு. 26 எழுத்துகளை வைத்துக்கொண்டு ஏறத்தாழ 44 ஒலிகளை எழுதும் மொழி அது. 'சீ, ஏ, டீ' என்ற மூன்று பெயர்களை எவ்வளவு வேகமாக அடுக்கிச் சொன்னாலும் 'கேட்' வராது. வராததால் குழந்தை அதை மனப்பாடம் செய்கிறது, படத்தைத் துணைக்கு வைத்துக்கொள்கிறது. எழுத்துப் பெயர்களைப் பாட்டாகப் பாடட்டும், அதில் குறையில்லை. வாசிப்பைத் தொடங்க ஒலி வேண்டும். ஒலிமுறையில் கற்பிக்கிறவர்கள் பலரும் அகரவரிசையை விட்டுவிட்டு எஸ், ஏ, டி, பி, ஐ, என் ஆகிய ஆறு எழுத்துகளின் ஒலிகளை முதலில் தருகிறார்கள். இந்த ஆறைக் கொண்டே பின், டின், டிப், ஸிட் எனப் பல சின்னச் சொற்களைக் குழந்தை தானாகக் கூட்டி வாசித்துவிடும்.

இங்கே தமிழ்வழிப் பள்ளிக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது, அதை நாம் பயன்படுத்துவதே இல்லை. 'பின்' என்ற சொல்லைப் பிரிக்கச் சொன்னால் நம் குழந்தை 'பி', 'ன்' என்று இரண்டாகப் பிரிக்கும், ஏனென்றால் நம் எழுத்தில் 'பி' ஒரே வடிவம். ஆங்கிலத்திலோ அது இரண்டு எழுத்து. ஆனால் ப் + இ = பி என்று உயிர்மெய் சொல்லித்தருகிறவர் நீங்கள்தானே! காலையில் தமிழ் வகுப்பில் அதைச் செய்த கையோடு, ஆங்கில வகுப்பில் ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்று புளியங்கொட்டைகளைக் கொடுங்கள். நீங்கள் 'பின்' என்று நிறுத்திச் சொல்ல, பிள்ளை 'ப்' என்று ஒரு கொட்டையை நகர்த்த வேண்டும், பிறகு 'இ' என்று ஒன்றை, 'ன்' என்று ஒன்றை. அதன்பின் மூன்றின் மேலும் விரலை ஓட்டிச் சொல்லை முழுதாகச் சொல்ல வேண்டும். கொட்டை நகர்வது பழகிய பிறகே அந்த இடத்தில் ஆங்கில எழுத்து அட்டைகளை வையுங்கள். ரஷ்ய உளவியலாளர் எல்கோனின் கட்டங்களும் வில்லைகளும் வைத்துச் செய்த பயிற்சி இது, நம் ஊருக்குப் புளியங்கொட்டையே போதும்.

மலையாளமும் உங்களுக்கு உதவும். தமிழில் 'தம்பி'யின் நடுவில் வரும் ஒலிக்கும் 'பால்' என்பதன் முதல் ஒலிக்கும் 'ப' என்ற ஒரே எழுத்துதான், ஆகவே மலையாளம் படிக்காத பொள்ளாச்சிப் பக்கத்துக் குழந்தை ஊசியைக் குறிக்கும் 'பின்' எது, குப்பைத்தொட்டியைக் குறிக்கும் 'பின்' எது என்று எழுதும்போது தடுமாறும். மலையாளத்தில் பாலுக்கு ஓர் எழுத்து, பஸ்ஸுக்கு வேறோர் எழுத்து. அந்த வேறுபாட்டை எழுத்திலேயே பார்த்த பிள்ளைகள் உங்களிடம் இருக்கிறார்கள். க, ட, த வரிசைகளுக்கும் இதுவே பொருந்தும்.

ஒலியைக் கூட்டத் தெரிந்தால் மட்டும் வாசிப்பு ஆகிவிடாது, பொருளும் தெரிய வேண்டும். 1986இல் கஃப், டன்மர் என்ற இருவர் வாசிப்பை இவ்விரண்டின் பெருக்கல் என்று விளக்கினார்கள்: ஒன்று சுழியானால் விடையும் சுழி. உங்கள் ஊரில் வகுப்பறைக்கு வெளியே ஆங்கிலம் காதில் விழ வாய்ப்பு மிகக் குறைவு, ஆகவே அதை நீங்கள்தான் பேசிக் காட்ட வேண்டும். எழுந்திரு, கதவைத் திற, பையை எடு என்பவற்றை நாள்தோறும் ஆங்கிலத்தில் சொல்லிச் செய்யவையுங்கள். ஸ்டோரிவீவர் என்ற இணையக் கதைத் தளத்தில் ஒரே கதை, ஒரே படங்களோடு தமிழிலும் ஆங்கிலத்திலும் இலவசமாகக் கிடைக்கிறது. முதல் நாள் தமிழில் வாசித்துக் காட்டி, மறுநாள் ஆங்கிலத்தில் வாசியுங்கள். உங்கள் ஆங்கிலக் கேள்விக்குப் பிள்ளை தமிழில் பதில் சொன்னால் அதட்டாதீர்கள். அதற்குப் புரிந்திருக்கிறது, அதுதான் முக்கியம்.

'தி', 'வாஸ்' போல ஒலிக்கு அடங்காத சொற்களை வாரத்துக்கு இரண்டு மூன்றாகப் பார்த்துப் பழகச் செய்தால் போதும். பார்த்து எழுதுவதை அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை; தான் வாசித்த சொல்லை மட்டும் எழுதட்டும், அதையும் நீங்கள் சொல்லக் கேட்டு எழுதட்டும். வகுப்பில் எல்லோரும் ஒரே நிலையில் இருக்க மாட்டார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டுப் பள்ளிகளில், 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கிறார்கள். அந்தப் பிரிப்பு உங்களுக்கும் கைகொடுக்கும்.

பெற்றோர் மேல் கோபப்படாதீர்கள், அவர்கள் கேட்பது ஆங்கிலம், அது நியாயமான ஆசை. தாய்மொழியில் தொடக்கக் கல்வி பெறும் வசதியை அரசியலமைப்பின் 350அ பிரிவு 1956 முதல் சொல்லிவருகிறது என்பதை எடுத்துச்சொன்னால் அவர்கள் மனம் மாறாது. அடுத்த பெற்றோர் கூட்டத்தில், பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு சின்ன ஆங்கில வாக்கியத்தை அவர்கள் முன்னாலேயே பலகையில் எழுதி, அவர்கள் பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். அதற்கு ஒரு பருவம் தேவைப்படலாம், அதுவரை பொறுக்கச் சொல்லிக் கேளுங்கள். எந்த ஒலியில் பிள்ளைகள் அதிகம் தடுமாறுகிறார்கள் என்று குறித்துவைத்து எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.